நாற்பத்தொன்றாம் குழாய்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கட்டக்கா கேட்கும் முதல் கேள்வி, "யாராவது என் கண்ணாடியப் பாத்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் அது அவர் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் ஆராய்ச்சி மாதிரிகள் அடைத்த சின்னக் குழாய்கள் இருபதாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. எது எந்த உறைபெட்டியில், எந்தத் தட்டில், எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்ல வழி செய்து கொடுத்த பெண்மணிக்குத் தன் மூக்குக்கண்ணாடியின் விலாசம் தெரியாது. சாவி, குடை, இடது கால் செருப்பு எல்லாம் இதே கதிதான். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்குற பொருளுக்கெல்லாம் இடம் வச்சிருக்கா, வீட்டுல எனக்கு ஒரு இடம் கிடைக்கல" என்பார். அவர் மட்டும் லேசா? அவர்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஒரு வருஷமாக ஓடவில்லை. கேட்டால், "அது வேற கம்பெனி லிஃப்ட்" என்பார்.

நான் உறைபெட்டிக்காரன். மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் ஆறு உறைபெட்டிகளுக்கும், கழிவுகளைக் கொதிக்க வைத்துக் கொல்லும் அழுத்தக் கொப்பரைக்கும் நான்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே துழாவுகிறவர்களைக் கண்டால் இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் எது எங்கே என்பதை நானே மண்டையில் ஏற்றி வைத்திருந்தேன். மாணவர்கள் வந்து கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். பேராசிரியரே என்னைக் கேட்டுத்தான் ஒரு குழாயைத் தொட வேண்டும் என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

அப்படி இருந்த இடத்தில்தான் ஆறு வருஷத்துக்கு முன் இந்த அம்மாள் வந்து சேர்ந்தார். "நம்ம லேபுக்குன்னு ஒரு டேட்டாபேஸ் செய்யப் போறாங்க, உதவி பண்ணுங்க" என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் உதவி பண்ணவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை என் அறை மூலையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். யார் வருகிறார்கள், என்ன சொல்லிக் கேட்கிறார்கள், நான் எந்தக் கையால் எந்தத் தட்டை இழுக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணா, இந்தக் குழாய நீங்க என்ன பேர் சொல்லித் தேடுவீங்க?"

"பேரு எதுக்கும்மா? மூணாவது தட்டு, பின்னால, நீல மூடி. அவ்வளவுதான்."

"நீங்க லீவுல இருந்தா?"

"நான் லீவு போடறதில்ல."

"காய்ச்சல் வந்தா?"

"வராது."

அதையும் எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்துத் தன் அட்டவணையின் முதல் வடிவத்தைக் கணினியில் திறந்து காட்டினார். குழாய் எண், எடுத்த இடம், எடுத்த தேதி என்று வரிசையாகப் போய், கடைசி நெடுவரிசைக்கு இப்படித் தலைப்பு போட்டிருந்தார்: 'அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தால்.' கூடி நின்ற மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நிஜமாகவே காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். என் வாய் அப்படி.

அவர் கதையைப் பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். விலங்கியல் படித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெயர் பதியும் வேலையில் இருந்திருக்கிறார். ஒரே பெயருள்ள இரண்டு பேரின் முடிவுகள் ஒரு நாள் மாறிப் போய்விட்டன. மாற்றியது இவரில்லை. ஆனாலும் இவரே இரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி, உள்ளதைச் சொல்லி, தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வீட்டில் திட்டினார்கள், இன்னொரு வீட்டில் அழுதார்கள். அதன்பிறகு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அட்டவணை கட்டும் வித்தையைத் தானாகவே படித்தார். சின்ன ஆய்வகங்களுக்கு மட்டுமே செய்வது என்று வைத்துக்கொண்டார். பெரிய மருத்துவமனைகளுக்குச் செய்த மென்பொருளைச் சின்ன ஆய்வகத்தில் மாட்டுவது யானைக்குத் தைத்த சட்டையை எலிக்குப் போடுவது போலத்தான். ஒவ்வொருவர் தேவையும் ஒவ்வொரு மாதிரி. மகரந்தம் ஆராய்கிறவர்களுக்கு மழை பெய்ததா என்று ஒரு நெடுவரிசை வேண்டும். சிலந்தி ஆராயும் ஒருவர் 'கடித்ததா, ஆம், இல்லை' என்று ஒன்று கேட்டு வாங்கினாராம்.

எப்போது பார்த்தாலும் "இது எந்தக் கட்டம்? அது எந்தக் கட்டம்?" என்றே பேசுவதால் மாணவர்கள் அவருக்குக் கட்டக்கா என்று பெயர் வைத்தார்கள். என்னைவிட எட்டு வயது சின்னவர். எல்லோரும் அக்கா என்று சொல்லும்போது நான் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது? நேரில் 'ம்மா', முதுகுக்குப் பின்னால் கட்டக்கா.

அவர் செய்கிற எல்லா அட்டவணைகளிலும் ஒரு விஷயம் மாறாது. அழிக்கும் பொத்தான் இருக்காது. தப்பாகப் பதிந்துவிட்டால் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்து, 'மேலே உள்ளது தவறு, சரி இது' என்று எழுத வேண்டும். யார் எழுதினார்கள் என்பதும் கூடவே நிற்கும். "மானத்த வாங்குற வேலைம்மா இது" என்று நான் ஒருமுறை சொன்னேன். "தப்ப அழிச்சிட்டா அதே தப்ப அடுத்த ஆளு புதுசா பண்ணுவாங்கண்ணா" என்றார். எனக்கென்ன வந்தது, நான்தான் தப்பே செய்வதில்லையே என்று விட்டுவிட்டேன்.

இனிச் சொல்லப் போவது போன வருஷம் நடந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். அவளைச் சேறு என்றுதான் கூப்பிடுவோம். வண்டி பழுது பார்க்கும் பட்டறைகளின் பின்புறம், சாக்கடை ஓரம், பேருந்துப் பணிமனைத் தரை என்று எண்ணெய் ஊறிய மண்ணாகத் தேடிப் போய் அள்ளி வருவாள். அந்தச் சேற்றில் எண்ணெயைத் தின்று உயிர் வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நான்கு வருஷமாக அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுண்டுவிரல் நுனி அளவுள்ள எண்பத்தொரு குழாய்களில் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில். குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது கட்டம் உள்ள சதுரப் பெட்டி. மூடியின் ஒரு மூலையில் '1' என்று எழுதியிருக்கும். அந்த மூலையிலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். அதில் ஒன்பதாம் குழாய்தான் அவளுக்கு உயிர். அதில் இருந்தது எண்ணெயை மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகத் தின்னும். அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்காம் உறைபெட்டி நின்றுவிட்டது. அபாய மணி கேட்டுக் காவலாளி போன் செய்ய, நான் சாப்பிட்ட கையோடு ஓடி வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினேன். எதுவும் கெட்டுப் போகவில்லை. ஆனால் சேறு மலிவான ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டியிருந்தாள். ஈரம் பட்டதும் அவள் பெட்டியில் இருந்த அத்தனை தாளும் உரிந்து அடியில் விழுந்துவிட்டன. மூடியைக் கழற்றி, பனியைத் தட்டி, உதிர்ந்த தாள்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, திரும்ப மூடி உள்ளே வைத்தேன்.

மறுநாள் சேறு அழுதே விட்டாள். எண்பத்தொரு மொட்டைக் குழாய்கள்! கட்டக்கா அவள் தோளைத் தட்டினார். "எதுக்கு அழற? எண்ணு போனா என்ன, இடம் போகலயே. எது எந்தக் கட்டத்துல இருக்குன்னு பதிவுல இருக்கு." பேராசிரியர், எதற்கும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள் என்றார். கட்டக்கா எப்போதும் செய்வது போல நட்டநடுக் குழாயை எடுக்கச் சொன்னார். நாற்பத்தொன்று. மூடியைத் திறந்தாலும் நடுவில் இருப்பதுதான் கடைசியாகச் சூடேறும், அதனால் அதை எடுப்பது அவர் வழக்கம். அதிலிருந்து வளர்ந்தது வளர்ப்புத் தட்டில் செக்கச்செவேலென்று வந்தது. எண்பத்தொன்றில் சிவப்பாக வளர்வது அது ஒன்றுதான். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அதன்பிறகு சேறு ஒன்பதாம் குழாயை எடுத்து வளர்த்தாள். அது எண்ணெயைத் தொடவே இல்லை. மறுபடி வளர்த்தாள். மறுபடியும் அப்படியே. ஒன்றாம் குழாய் எதற்கும் உதவாதது என்று பழைய நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது அது எண்ணெயை விழுங்கித் தள்ளியது. இப்படி ஆறேழு குழாய்கள் அவள் நோட்டுக்கு நேர்மாறாக நடந்துகொண்டன. பேராசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் பொறுமை கம்மி. "பெட்டி சரியா இருக்குன்னு நடுக் குழாய் சொல்லுது. அப்ப உன் நோட்டுதான் தப்பு. ஆரம்பத்துலயே எங்கயோ கலந்திருக்க. இத நம்பி எதுவும் எழுத முடியாது" என்றார். உறைபெட்டியில் வேறு இடம் தட்டுப்பாடு. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டியைக் கொப்பரையில் போட்டுவிடச் சொல்லி என்னிடம் சீட்டு கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை கட்டக்காவும் சேறும் மேஜைமேல் கட்டம் போட்ட தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கையுறை வைக்கப் போனவன், பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தேன்.

"இந்தப் பொண்ணு நோட்டு தப்பா இருக்காதுண்ணா" என்றார் கட்டக்கா. "நாலு வருஷமா நான் பாக்கறேன், ஒரு தேதிகூட விடமாட்டா. ஆனா நடு சரியா இருக்கு. அதுதான் இடிக்குது."

"ஒண்ணுல இருக்குறது அப்படியே என் ஒன்பது மாதிரியே நடக்குதுக்கா" என்றாள் சேறு. மூக்கு சிவந்திருந்தது.

நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தத் தாளில் ஒன்பதாம் கட்டம் இருந்த மூலையிலிருந்துதான் எண்ணத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, சதுரப் பெட்டி, சதுர மூடி. எப்படித் திருப்பி வைத்தாலும் கச்சிதமாக உட்காரும். '1' எழுதிய மூலையைப் பார்த்து மூடினேனா? பார்க்கவில்லை. மூடி கால் திருப்பம் திரும்பி உட்கார்ந்திருந்தால் எண்பது குழாய்க்கும் விலாசம் மாறிப் போகும். மாறாமல் நிற்பது நடுவில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான்.

வாயைத் திறக்கவில்லை. கையுறையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரு குறை சொல்ல விடாத ஆள் என்ற பெயர் எனக்கு அத்தனை இனித்திருக்கிறது.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. மனைவி விடவில்லை, கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளிக்கிழம அந்தப் பொட்டிய யாரு கொதிக்க வைக்கணும்?"

"நான்தான்."

அவ்வளவுதான். குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைத் திட்டியதையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் கேள்வி கனத்த அளவு கனத்ததில்லை.

புதன்கிழமை காலை கட்டக்கா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோதே போய் நின்றேன். "தலையில இருக்கும்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, மெல்ல ஒரு கால் திருப்பினார். "ஒண்ண எடுத்தா ஒன்பது வரும். ஒன்பத எடுத்தா எண்பத்தொண்ணு வரும்" என்று விரலால் மூலை மூலையாகத் தொட்டார். நடுக்கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "எப்படித் திருப்பினாலும் இது மாத்திரம் இங்கயேதான் இருக்கும். அதப் போய் எடுத்துச் சோதிச்சிருக்கேன் பாருங்க! எத்தன லேபுல இதே மாதிரி நடுவ எடுத்து 'சரி'ன்னு போட்டிருக்கேன்!" தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டதில் கண்ணாடி கீழே விழுந்தது.

சேறு வந்ததும் மூடியைப் பழையபடி திருப்பி வைத்து, நான்கு மூலையிலிருந்து நான்கும் உள்ளே இருந்து ஒன்றுமாக ஐந்து குழாய்கள் எடுத்தோம். பழைய எஞ்சின் எண்ணெய் கலந்த தட்டுகளில் தேய்த்து வைத்தாள். வளர இரண்டு நாள் ஆகும். பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழம காலைல பாப்போம். இல்லன்னா சீட்டு சீட்டுதான்" என்றார்.

வியாழக்கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வளர்ப்பு அறைப் பக்கம் ஏழு தடவை நடந்தேன். எட்டாவது தடவை சேறு எதிரே வந்தாள், அவளும் சும்மாதான் நடந்துகொண்டிருந்தாள். "கோவமா என்மேல?" என்றேன். "இருக்குண்ணா" என்றாள். "ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா அதுகூடத் தெரிஞ்சிருக்காது. என்னையே திட்டிட்டு இருந்திருப்பேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனிக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வராந்தாவில் ஏது பனிக்காற்று.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தட்டுகளைத் திறந்தார்கள். ஒன்பதாம் குழாயின் தட்டில் கருப்பு எண்ணெய்க்கு நடுவே, வளர்ந்த புள்ளிகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஒன்றாம் குழாயின் தட்டு சும்மா கிடந்தது. மற்ற மூன்றும் நோட்டில் எழுதியிருந்தபடியே இருந்தன. சேறு சத்தம் போடாமல் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பேராசிரியர் ஐந்து தட்டையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "நாலு வருஷ உழைப்ப நாலு நிமிஷத்துல தூக்கிப் போடப் பாத்தேன். மன்னிச்சிரும்மா" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "அந்தச் சீட்டக் கிழிச்சுப் போடுங்க" என்றார். எத்தனையோ தாள் கிழித்திருக்கிறேன், அதைக் கிழித்த சத்தம் மாதிரி எதுவும் காதுக்கு இதமாக இருந்ததில்லை.

அன்று மதியம் கட்டக்கா மகளின் நகப்பூச்சுப் புட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். ரத்தச் சிவப்பு. எந்தக் குளிரிலும் அது உரியாதாம். மூடியின் பக்கத்திலிருந்து பெட்டியின் பக்கத்துக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். மூடி திரும்பினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். மீதி நானூற்று முப்பது பெட்டிக்கும் நான்தான் கோடு போட்டேன். மூன்று வாரம் விரலெல்லாம் சிவப்பு. பேருந்தில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். கட்டக்கா தான் செய்து கொடுத்த ஆய்வகங்களுக்கெல்லாம் போன் போட்டு, "நடுவ எடுத்துச் சோதிக்காதீங்க, மூலைய எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போனிலும் "தப்பு என்னோடது" என்று சேர்த்துக்கொண்டார்.

நடந்ததைப் பதிவில் ஏற்றும் நாள் வந்தது. நான் மெல்ல அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, எல்லாம்தான் சரியாயிடுச்சே. என் பேர மட்டும் விட்டுடலாமில்ல? பின்னால வர்ற பிள்ளைங்க படிப்பாங்க."

"படிக்கணும்னுதானண்ணா எழுதறது."

"ஒருதடவ எழுதிட்டா அழிக்கவும் முடியாதே."

"முடியாதுண்ணா. அந்தப் பொத்தான நான் வைக்கவே இல்லயே" என்று சிரித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பெட்டிக்கு நேராக இரண்டு வரிகள் ஏற்கெனவே ஏறியிருந்தன.

'நடுக் குழாயை மட்டும் சோதித்துப் பெட்டி சரி என்று பதிந்தது தவறு. தவறியவர்: கட்டக்கா.'

அதற்குக் கீழே: 'மூடி கால் திருப்பம் மாறியிருந்தது. மாற்றியவர்: உறைபெட்டி அண்ணா. கண்டுபிடித்தவர்: உறைபெட்டி அண்ணா.'

தன் பெயரை எனக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தார்.

சேறு பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் குழாயின் பிரதி அவளோடு போனது, மூலக் குழாய் என்னிடம் இருக்கிறது. கட்டக்கா இப்போது எறும்பு ஆராய்கிற ஓர் இடத்துக்கு அட்டவணை செய்கிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் எங்கள் பக்கம் வருவார், கண்ணாடியைத் தேடுவார். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு உறைபெட்டியைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது இப்போது என் வேலை. முதல் நாளே கணினியில் அந்தப் பெட்டியின் பதிவைத் திறந்து, அந்த இரண்டு வரிகளையும் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். போன வாரம் ஒரு பையன் படித்துவிட்டு, என்மேல் உள்ள மரியாதையில், "இத எடுத்துட முடியாதா சார், பாவம் நீங்க?" என்று கேட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! "கை வச்சுப் பாரு" என்றேன்.